துவக்கைத் தந்தார்கள், தீர்மானத்தைத் தரவில்லை

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலப்பரப்புக்கு வந்து, தள்ளாடியில் வடக்கே திரும்பி, திருக்கேதீஸ்வரத்தைத் தாண்டிப் போனால் அடம்பன் பக்கம் வந்துவிடலாம். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளையும் வயல் நாடு அது. 1986 ஒக்டோபர் 12 அன்று அங்கே இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த சண்டையில் புலிகளின் மன்னார்த் தளபதி விக்டர் கொல்லப்பட்டார். தமது பெண் அணி முதன்முதலாகக் களம் இறங்கியதும் அந்தச் சண்டையில்தான் என்று இயக்கத்தின் பதிவுகள் சொல்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் பயிற்சி தொடங்கிய முதல் தொகுதிப் பெண்கள் அவர்கள். ஓராண்டு நிறைய இரண்டு நாள் இருக்க, 1987 ஒக்டோபர் 10 அன்று, கோப்பாயில் இந்திய அமைதிப்படையுடன் நடந்த மோதலில் மாலதி இறந்தார். பேதுரு சகாயசீலி என்பது அவருடைய சொந்தப் பெயர். மன்னார்ப் பிள்ளை. காயப்பட்டு விழுந்த நிலையில் தன் துவக்கைத் தோழிகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டுக் சயனைட் குப்பியைக் கடித்தார் என்று இயக்கம் அவர் கதையைச் சொல்லிவந்தது. சண்டைக் களத்தில் இறந்த புலிகளின் முதல் பெண் போராளி அவர். பின்னாளில் அவர் பெயரில் ஒரு படையணி உருவானது. ஒக்டோபர் 10 பெண்கள் எழுச்சி நாளாகக் கொண்டாடப்பட்டது.

வேறு இயக்கங்களில் இதற்கு முன்பே பெண்கள் ஆயுதம் எடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1985இல் காரைநகர்க் கடற்படை முகாம் மீது ஈ.பி.ஆர்.எல்.எவ். நடத்திய தாக்குதலில் ஒரு பெண் போராளி உயிரிழந்தார். புலிகளின் கதை பெரிதாக வளர்ந்ததால் மற்றவை மங்கிப்போயின. ஆனாலும் பெண்கள் தனிப் படையாகப் போருக்குப் போன அந்த நீண்ட வரலாறு மன்னார் மண்ணைத் தொட்டே தொடங்குகிறது.

அதே மன்னாரில் இன்றைய நிலை என்ன? இறந்த போராளிக்கு நவம்பர் 27 அன்று ஆட்காட்டிவெளித் துயிலுமில்லத்தில் விளக்கேற்றுகிறோம். அவரோடு ஒரே முகாமில் இருந்து உயிரோடு திரும்பியவர், தான் யார் என்பதைப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லாமல் வாழ்கிறார். போர் எங்கள் பெண்களின் இடத்தை மாற்றிவிட்டது என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். எனக்கு அந்தக் கூற்றோடு பாதி உடன்பாடுதான். பெண் செய்யும் வேலை மாறியது. அவள் எடுத்துச் சென்ற சுமை மாறியது. எந்த வேலையை யார் செய்வது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் இடத்துக்கு அவள் வரவில்லை. துவக்கைக் கொடுத்தவர்களும் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை, துவக்கைப் பறித்தவர்களும் கொடுக்கவில்லை.

அந்த முதல் பெண்கள் ஏன் போனார்கள் என்பதை இன்றைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். 1983 கலவரம் மட்டும் காரணம் என்று சொன்னால் மன்னார்க் கதை விளங்காது. 1984 டிசம்பர் 4 அன்று கண்ணிவெடியில் சிப்பாய் ஒருவர் இறந்ததற்குப் பழிவாங்க, மன்னார் வீதியில் பேருந்துகளை மறித்தும் அலுவலகங்களுக்குள் புகுந்தும் இராணுவத்தினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம், 1985 ஜனவரி 6 அன்று, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் சுடப்பட்டார். தலைமன்னாரிலும் பேசாலையிலும் இருந்து வள்ளங்கள் இரவோடு இரவாக இராமேஸ்வரம் நோக்கிப் போயின. மண்டபம் முகாம் நிறைந்தது. வீட்டிலிருந்தால் பாதுகாப்பு என்று பெண் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் அது. வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் ஆமி வரும் என்று தெரிந்தபின் அந்தப் போதனைக்கு மதிப்பில்லாமல் போனது. சீதனக் கணக்கும், வெளியில் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற கட்டும், படித்து என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்வியும் ஏற்கெனவே இருந்தன. வீட்டைவிட்டு வெளியேற ஒரு பெண்ணுக்கு அதுவரை இருந்த வழிகள் இரண்டு: கலியாணம், கன்னியர் மடம். இயக்கம் மூன்றாவது வழியாக வந்தது. அதில் போனவர்களை மூளைச்சலவைக்கு ஆளானவர்கள் என்று ஒற்றைச் சொல்லில் கடந்துபோவது அவர்களுடைய அறிவை அவமதிப்பது.

போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் உலகறிந்ததே. கனரக ஆயுதம் இயக்கினார்கள், வாகனம் ஓட்டினார்கள், கடற்புலிகளின் படகுகளில் இருந்தார்கள், மருத்துவம் செய்தார்கள், வரைபடம் வாசித்தார்கள். வன்னியில் ஒரு பெண் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்து ஊர் பழகியது. கடற்கரை ஊர்களில் இதன் எடை பெரிது. பெண் கரையோடு நின்று வலையில் சிக்கிய நண்டைக் கழற்றலாம், மீனை வெட்டிக் காயவைக்கலாம், கூடையில் விற்கலாம். வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போவது அரிது. அந்தக் கடலிலேயே பெண்கள் சண்டை செய்தார்கள். இதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் அதே இயக்கத்தில் யார் எந்த வயதில் கலியாணம் செய்யலாம் என்பதைத் தலைமை தீர்மானித்தது. போர்நிறுத்தம் வேண்டுமா, எப்போது முறிப்பது என்பதையும் தலைமையே தீர்மானித்தது. பெண் தளபதிகள் இருந்தார்கள். அவர்கள் கட்டளையை நிறைவேற்றுவதில் யாருக்கும் பின்னிற்கவில்லை. சமாதானப் பேச்சு வந்தபோதுதான் உண்மை நிலை வெளிச்சத்துக்கு வந்தது. 2002இல் தொடங்கிய பேச்சுவார்த்தையில் பெண்களுக்கென்று ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. புலிகளின் பக்கத்தில் தமிழினி தலைமையில் ஐந்து பெண்கள், அரசின் பக்கத்தில் குமாரி ஜயவர்தன தலைமையில் ஐந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் சந்தித்தார்கள். ஒருவரையொருவர் எதிரியாக மட்டும் அறிந்த இரு பக்கத்துப் பெண்கள் ஒரே மேசையில் இருந்து இடம்பெயர்ந்தோர் பற்றியும், வன்முறை பற்றியும், அரசியலில் பெண்களின் இடம் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார்கள். உபகுழுவின் வேலை அத்தோடு நின்றுபோனது. பிரதான மேசையில் ஆண்கள் முறித்ததை ஒட்டுவதற்கு உபகுழுவுக்கு அதிகாரம் இருக்கவில்லை. எங்கள் போர் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இழப்புகளில் அந்தக் குழுவும் ஒன்று.

அதற்குப் பிறகு நடந்ததை மறைத்து எழுத முடியாது. 2006இல் இருந்து வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாயம் வந்தது. மடுவைச் சுற்றிய ஊர்களும் அடம்பனும் விடத்தல்தீவும் இலுப்பைக்கடவையும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்கள். அங்கே தாய்மார் பெண் பிள்ளைகளைப் பத்தாயத்துக்குப் பின்னாலும் பங்கருக்குள்ளும் ஒளித்தார்கள். கலியாணமானவர்களை எடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். இருபது வருடத்துக்கு முன் கலியாணத்திலிருந்து தப்ப ஒரு பிள்ளை இயக்கத்துக்குப் போனாள். இப்போது இயக்கத்திலிருந்து தப்ப இன்னொரு பிள்ளை கலியாணத்துக்குள் தள்ளப்பட்டாள். 1986இல் விரும்பிப் போனவளையும் 2008இல் இழுத்துச் செல்லப்பட்டவளையும் வீரப் பெண்கள் என்ற ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இருவருக்குமே அநியாயம் செய்கிறார்கள்.

மன்னாரைப் பற்றி எழுதும் எவரும் எருக்கலம்பிட்டியில் நிற்காமல் போக முடியாது. 1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் வீட்டையும் நகையையும் தோட்டத்தையும் வலையையும் விட்டுவிட்டு, அனுமதிக்கப்பட்ட சில பைகளோடு கடற்கரையில் காத்திருந்தார்கள். வள்ளங்கள் அவர்களைக் கற்பிட்டிக்கு ஏற்றிப்போயின. கர்ப்பிணிகள் இருந்தார்கள், பிள்ளை பெற்று நாட்கள் ஆகாதவர்கள் இருந்தார்கள். சொந்த ஊரில் வெளியில் வேலைக்குப் போகாத பெண்கள் புத்தளத்து முகாம்களில் ஓலைக் குடிசைகளில் இருந்துகொண்டு கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். போர் அவர்களுடைய இடத்தையும் மாற்றியது. எங்கள் மேடைகள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அடம்பனில் தமிழ்ப் பெண்ணின் கையில் ஆயுதம் வந்து நான்கே வருடத்தில், அதே மாவட்டத்தில் இருந்த இன்னொரு பெண்ணின் கையிலிருந்து வீட்டுத் திறப்பு பறிக்கப்பட்டது. இரண்டையும் செய்தது ஒரே இயக்கம். பெண் விடுதலை என்ற பதாகையின் கீழ் நடந்த போரை மதிப்பிடும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும். தமிழர்களாகிய நாம் இதை மனமார ஏற்றுக்கொள்ளாதவரை மன்னாரின் பெண்கள் வரலாற்றை எழுதும் உரிமை நமக்கு இல்லை.

இதைச் செய்யத் தொடங்கியவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், மன்னார்ப் பெண்களே. வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த ஷிரீன் சரூர், போர் உச்சத்தில் இருந்த காலத்திலேயே தமிழ், முஸ்லிம் பெண்களைச் சேர்த்து மன்னார் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். தன்னை விரட்டிய சமூகத்துப் பெண்களோடு உட்கார்ந்து சிறுகடன் பற்றியும் அடிக்கும் கணவன் பற்றியும் காணாமற்போன மகன் பற்றியும் பேசுவதற்கு வேண்டிய துணிவு, பதுங்குகுழியில் இருப்பதற்கு வேண்டியதைவிடக் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை.

அரசின் பக்கமும் பெண்களைச் சீருடைக்குள் கொண்டுவந்தது. இலங்கை இராணுவத்தின் மகளிர் படையணி 1979இல் தொடங்கப்பட்டது. காலாட்படையின் முன்வரிசைக்கு அவர்கள் அனுப்பப்படவில்லை. அலுவலகம், தொடர்பாடல், வைத்தியம், சோதனைச்சாவடி என்று வேலை பிரிந்தது. மன்னார்ப் பெண்கள் அவர்களை அறிந்தது சோதனைச்சாவடித் தட்டிக்குள்தான். தீவிலிருந்து வெளியே போகப் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலம். பையைக் கொட்டிக் காட்டி, கையை உயர்த்தி நின்ற பெண்ணைத் தடவிச் சோதித்தது தென்னிலங்கைக் கிராமமொன்றிலிருந்து சம்பளத்துக்காக வந்த இன்னொரு பெண். இருவருக்கும் பொது மொழி இல்லை. அந்தப் போரைத் தொடங்கியதிலும் நடத்தியதிலும் இருவருக்கும் குரல் இல்லை.

சீருடையில் பெண் இருப்பதால் சீருடை பெண்ணுக்குப் பாதுகாப்பாகிவிடாது என்பதையும் மன்னார் கண்டது. 2001 மார்ச்சில் மன்னார் நகரில் கைதுசெய்யப்பட்ட இரண்டு தமிழ்ப் பெண்கள் தடுப்புக் காவலில் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். ஒருவர் கர்ப்பிணி. பொலிஸாரும் கடற்படையினரும் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு குரல் கொடுத்தார், சர்வதேச மன்னிப்புச் சபை ஆவணப்படுத்தியது. அந்தப் பெண்கள் வாய் திறந்தார்கள் என்பதுதான் இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிமுனையில் ஓர் இளம்பெண் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தாள். அதைத் தெரிந்துகொண்டும் நீதவான் முன் நின்று நடந்ததைச் சொன்னார்கள். நீதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே எந்த அணியிலும் சேராத பெண்களே பெரும்பான்மை. மடுவிலும் பேசாலையிலும் அகதி முகாம்களில் வருடக்கணக்காகக் குடும்பம் நடத்தியவர்கள். 1999 நவம்பர் 20 அன்று மடுக் கோயில் வளவுக்குள் விழுந்த எறிகணைகளில் நாற்பதளவில் மக்கள் இறந்தார்கள். 2006 ஜூன் 17 அன்று பேசாலை வெற்றிமாதா கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டு ஒரு மூதாட்டி உயிரிழந்தார். 2007இல் இருந்து மாந்தைப் பக்கத்து ஊர்கள் கிளம்பி, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முடிந்தன. அந்த இடப்பெயர்வின் ஒவ்வொரு தரிப்பிலும் அடுப்பு மூட்டியது, பங்கர் வெட்டியது, பிணம் புதைத்தது, பிள்ளைகளை எண்ணிப் பார்த்தது பெண்கள். இந்த வேலைக்குப் படையணிப் பெயரும் கிடையாது, பதக்கமும் கிடையாது.

2009 மேக்குப் பிறகு சரணடைந்தும் பிடிபட்டும் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். பூந்தோட்டம் முகாமிலும் மற்ற முகாம்களிலும் அவர்களுக்குத் தையலும் அழகுக்கலையும் கற்றுக்கொடுத்தார்கள். 2010 ஜூனில் வவுனியாவில் முன்னாள் போராளிகளான ஐம்பதுக்கு மேற்பட்ட சோடிகளுக்கு ஒரே நாளில் திருமணம் நடத்திவைத்தார்கள். இயந்திரம் பழுதுபார்க்கத் தெரிந்தவளை, காயத்துக்குத் தையல் போடத் தெரிந்தவளை, நூறு பேரை நிர்வகித்தவளைத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்ததற்குப் பெயர் புனர்வாழ்வு. அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்கும் எண்ணமே அந்தத் திட்டத்தில் இருக்கவில்லை.

வெளியே வந்தபின் ஊரும் கேட்கவில்லை. அரச புலனாய்வாளர் வீட்டுக்கு வருவதால் அயலவர் விலகினார்கள். முகாமில் என்ன நடந்திருக்குமோ என்ற சந்தேகம் கலியாணப் பேச்சுகளை முறித்தது. ஆண் போராளிக்குப் பெண் கிடைத்தது. பெண் போராளிக்கு மாப்பிள்ளை கிடைப்பது அரிதாக இருந்தது. உடலுக்குள் எறிகணைத் துண்டோடும், ஒரு காலோடும், ஒரு கண்ணோடும் வாழ்பவர்கள் கூலிவேலைக்கும் போக முடியாது. அப்படியானவர்கள் நுண்கடன் கம்பனிகளிடம் மாட்டினார்கள். வட்டி கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட வேறொன்று. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை போனது.

இதே பெண்களின் வறுமையை இராணுவம் கண்டுகொண்டது. 2012 நவம்பரில் கிளிநொச்சி பாரதிபுரத்தில் நூறுக்கும் மேற்பட்ட தமிழ் இளம்பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த மாதமே அவர்களில் சிலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதும், பெற்றோர் பதறி ஓடியதும் செய்தியானது. வன்னியில் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுத்தது. பெண்களுக்குப் பாதுகாப்புத் துறையில் வாய்ப்பு என்று கொழும்பில் இதைப் பாராட்டினார்கள். அந்தச் சம்பளத்தை வாங்கியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பசித்த வீட்டில் கொள்கை பேசுவது பாவம். பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையின் சம்பளம் கல்வித் திணைக்களத்திலிருந்து வராமல் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்து வருவது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறேன். ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கு மாறுவது மட்டும்தான் பெண்ணுக்கு முன்னால் இருக்கும் வழி என்றால் அதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

தமிழினியின் கதையை இங்கே நினைக்கிறேன். புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். சிறையும் புனர்வாழ்வும் கடந்து வந்து, 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலில் தன் இயக்க வாழ்வைத் திரும்பிப் பார்த்திருந்தார். உடனே எழுந்த பேச்சு என்ன? இதை அவர்தான் எழுதினாரா, யார் மாற்றினார்கள், யாருக்காக எழுதினார் என்று. நூலில் உள்ள கருத்தோடு மோதலாம். இத்தனை ஆண்டுகள் ஒரு பிரிவையே நடத்திய பெண்ணுக்குத் தன் அனுபவத்தைத் தானே எழுதும் ஆற்றல் இருந்ததா என்று சந்தேகித்தது எங்கள் சமூகத்தின் பெரிய சறுக்கல். போராடு என்றபோது அவளை நம்பினோம், நினைவுகூர்கிறேன் என்றபோது நம்பவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகளில் எட்டு லட்சமளவில் பெண்கள் பணியாற்றினார்கள்; போர் முடிந்து வீடு திரும்பியவர்களில் பலர் பதக்கத்தை ஒளித்துவைத்தார்கள் என்பதை ஸ்வெட்லானா அலெக்சியேவிச் பல பத்தாண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்தபின்தான் உலகம் கேட்டது. எரித்திரியாவில் விடுதலைப் போராளிகளில் மூன்றில் ஒருவர் பெண் என்பார்கள். விடுதலைக்குப் பின் அவர்களில் பலரைக் கணவன்மார் விவாகரத்துச் செய்தார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் 1943இல் கேப்டன் லட்சுமியின் கீழ் சேர்ந்தவர்களில் மலாயா இறப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். லட்சுமியைத் தவிர யார் பெயர் நமக்குத் தெரியும்?

நேபாளம் மட்டும் ஓரளவு வேறுபட்டது. அங்கே 2007இல் ஐ.நா. குழு சரிபார்த்த 19,602 மாவோயிசப் போராளிகளில் 3,846 பேர் பெண்கள். அவர்களிலும் மிகச் சிலரே கடைசியில் தேசிய இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் கைச்செலவுக் காசோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், ஊரின் ஏளனத்தையும் சந்தித்தார்கள். ஆனால் 2008இல் தெரிவான அரசியல் நிர்ணய சபையில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்குக் கிடைத்தது. முன்னாள் மாவோயிசப் போராளியான ஒன்சரி கர்த்தி மகர் 2015இல் நாடாளுமன்றத்தின் முதல் பெண் சபாநாயகரானார். போரின் முடிவு பேச்சுவார்த்தையாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். முள்ளிவாய்க்காலோடு நாம் அதை ஒப்பிட முடியாது. ஆனாலும் போரில் இருந்த பெண் தீர்மானம் எடுக்கும் நாற்காலிக்கு வரலாம் என்பதற்கு அது சாட்சி.

மன்னாரில் அப்படியான நாற்காலி இல்லாமலேயே பெண்கள் தீர்மானம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதை முள்ளிக்குளம் காட்டியது. முசலிப் பிரதேசத்தின் அந்தக் கடலோர ஊரை 2007 செப்டெம்பரில் மக்களை வெளியேற்றிவிட்டுக் கடற்படை எடுத்தது. வடமேற்குக் கடற்படைக் கட்டளையகம் அங்கே எழுந்தது. குளமும் வயலும் வாடியும் வீடும் கம்பிவேலிக்குள் போயின. 2017 மார்ச்சில் ஊர்ப் பெண்கள் முகாம் வாசலில் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் இரவும் பகலும் இருந்தார்கள். ஏப்ரல் 29 அன்று நூறு ஏக்கர் காணியை விடுவிப்பதாகக் கடற்படை ஒப்புக்கொண்டது. முழு ஊரும் கிடைக்கவில்லை. வீடுகள் இன்னும் முகாமுக்குள்தான். ஆனாலும் பேச்சுக்கு வந்த அதிகாரிகளுக்கு முன்னால் எந்த வீடு யாருடையது, எந்த மரம் யார் வைத்தது என்று சொல்லி நின்றவர்கள் அந்தப் பெண்கள். பள்ளிமுனையிலும் கடற்படை பிடித்த வீடுகளுக்காக வருடக்கணக்காக வழக்காடுபவர்களில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். 2025இல் காற்றாலைக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் நடந்த தொடர் போராட்டத்திலும் அவர்களைப் பார்த்தோம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் இந்த வரிசையில் வருபவர்கள். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்த மக்கள் தொகைக்கும் போர் முடிவில் அரச பகுதிக்கு வந்தவர்களின் தொகைக்கும் இடையில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் அரசு நியமித்த ஆணைக்குழு முன் கேட்டார். கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆயரும் 2021இல் மறைந்தார். காணாமற்போனோர் அலுவலகம் 2018 மேயில் மாவட்டங்களுக்கு வரத் தொடங்கியபோது முதலில் வந்தது மன்னாருக்குத்தான். படத்தை நெஞ்சோடு பிடித்தபடி வந்த பெண்கள் நாலாவது, ஐந்தாவது தடவையாக அதே விபரத்தைச் சொன்னார்கள். ஒரு துவக்கும் இல்லாமல் அரசின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் இந்த வேலை, மன்னார்ப் பெண்கள் போரிலிருந்து தாங்களாகவே எடுத்துக்கொண்ட வேலை. யாரும் அவர்களுக்கு இதைப் பணிக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்ற சட்டம் 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் இரண்டு வீதத்தைச் சுற்றியே இருந்தார்கள். மன்னார் நகரசபையும் மன்னார், நானாட்டான், மாந்தை மேற்கு, முசலிப் பிரதேச சபைகளும் இந்த மாவட்டத்தின் ஐந்து சபைகள். தமிழ்க் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் பட்டியலை நிரப்ப யாரோ உறவுக்காரப் பெண்ணைத் தேடுவதை விடட்டும். முள்ளிக்குளத்து வாசலில் இருந்தவர்கள், முகாமில் ஐந்நூறு குடும்பத்துக்கு உணவு பங்கிட்டவர்கள், முன்பு படையணி நடத்தியவர்கள், புத்தளத்திலிருந்து திரும்பி வந்து வெறுங்காணியில் வீடு எழுப்பியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். காணி உத்தரவுப்பத்திரம் பெண்ணின் பெயருக்கும் வரட்டும். ஆண் வாரிசுக்கு முன்னுரிமை கொடுத்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பழக்கம் பிரதேச செயலக மேசைகளில் இன்னும் முற்றாகப் போகவில்லை. உடல் ஊனமுற்ற முன்னாள் பெண் போராளிக்கு மாதக் கொடுப்பனவு வேண்டும். அது எந்தப் படைத்துறையின் கை வழியாகவும் வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்று இருக்கிறது. 1986இல் பதினெட்டு, இருபது வயதில் இருந்த பெண்கள் இன்று அறுபதைத் தொடுகிறார்கள். 1990இல் கைக்குழந்தையோடு வள்ளம் ஏறியவர்களில் பலர் அதையும் தாண்டிவிட்டார்கள். இவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மன்னார் மறைமாவட்டமும், பள்ளிவாசல் சம்மேளனங்களும், பெண்கள் அமைப்புகளும் ஒன்றுசேர வேண்டும். அடம்பன் பெண்ணும் எருக்கலம்பிட்டிப் பெண்ணும் ஒரே தொகுதியில் பேச வேண்டும். சோதனைச்சாவடியில் நின்ற சிங்களப் பெண்ணும் பேச முன்வந்தால் இடம் இருக்க வேண்டும். எதை அச்சிடுவது, எதை மூடிவைப்பது, யார் பெயரை மாற்றுவது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். பேசியவர் வீட்டுப் படலையை மறுநாள் சிவில் உடுப்பில் வந்து யாரும் தட்டக் கூடாது. அந்த உறுதிமொழியை மன்னார் மாவட்டச் செயலகத்தில் வைத்து, எழுத்தில், மும்மொழியிலும் அரசு தர வேண்டும். இந்த வருடத்துக்குள் தர வேண்டும்.